பின்பக்க பார் போட்டவர்கள்: அது வேலையைக் காட்டிய அந்த ஒரு வளைவைச் சொல்லுங்கள்

கொழிஞ்சாம்பாறைக்காரன்

வண்டி பழைய பலேனோ. இப்போது ஓடும் ஹேட்ச்பேக் இல்லை, 1999-இல் வந்த செடான். பின்பக்கமும் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக நின்று சக்கரத்தைப் பிடிப்பது. டிக்கிக்குள் இரண்டு டவரையும் (ஸ்ட்ரட்டின் தலை பாடியில் மாட்டுகிற மேடு) இணைத்து ஒரு பார் போட்டால் வண்டி ஒரே கட்டையாகத் திரும்பும் என்று இந்த ஃபோரத்திலேயே நாலு பேர் எழுதியதைப் படித்துத்தான் கோயம்புத்தூரில் பழசாக ஒன்று வாங்கிப் போட்டேன்.

ஜூன் மாதம் குற்றாலம் போயிருந்தோம். தென்மலை வரை போய்விட்டுத் திரும்பும்போது நல்ல மழை. ஆரியங்காவு தாண்டி புளியரை இறக்கம், அந்த எஸ் வளைவு. வேகம் நாற்பதுகூட இருக்காது. ஏறி வந்த லாரி கொஞ்சம் என் பக்கம் ஒதுங்கியது. ஆக்சிலேட்டரில் இருந்து சட்டென்று காலை எடுத்தேன். அவ்வளவுதான் செய்தேன், பிரேக்கைத் தொடவில்லை. முன்பக்கம் நான் சொன்ன இடத்துக்குப் போகிறது, பின்பக்கம் தன்பாட்டுக்கு வெளியே போகிறது. ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்தேனா, வண்டியே நிமிர்ந்துகொண்டதா, இன்றுவரை தெரியாது. லாரியின் பின்டயர் என் ஜன்னலுக்கு ஒரு முழம் தள்ளிப் போனது. டிக்கியில் கிடந்த பலாப்பழம் உருண்டு பாரில் ‘டங்’ என்று இடித்தது. பின்சீட்டில் இருந்த மகள், எட்டு வயது, “அப்பா, யாரோ பின்னாடி இருந்து தள்றாங்க” என்றாள். அழவில்லை, சும்மா சொன்னாள்.

இதே வளைவில் பார் இல்லாமல் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். பார்தான் காரணமா?

போடி ஏலக்காய்

எனக்கு நேர் எதிர். ஸ்விஃப்ட். டிக்கியில் மேல் பார் போட்டு ஒரு வருஷம் ஓட்டினேன். வாரம் ஒரு தடவை பூப்பாறை, அதாவது போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கியாக வேண்டும். ஒரு மாற்றமும் இல்லை. மூட்டை வைக்கிற இடம்தான் குறைந்தது. ஏன் என்று பிறகுதான் புரிந்தது. ஸ்விஃப்ட்டுக்குப் பின்னால் டார்ஷன் பீம், இரண்டு பின்சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கிற ஒரே உத்திரம். சக்கரம் நிற்கிற கோணத்தைப் பிடித்துவைப்பது அந்தப் பீமும், அதைப் பாடியோடு மாட்டுகிற இரண்டு ரப்பர் புஷ்ஷும்தான். ஷாக் அப்சார்பரின் தலையை மட்டும் இணைத்து என்ன ஆகப்போகிறது?

அப்புறம் பீமோடு சேர்த்து போல்ட் போடுகிற ஆன்ட்டி ரோல் பார் வாங்கினேன், வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கிற கம்பி. அது வேலை செய்தது. ஒருநாள் இறங்கி வரும்போது, ஒரு வளைவில் டீ குடித்துக்கொண்டிருந்த என் மச்சான் கிளாஸோடு கையை ஆட்டிக் கத்துகிறான். நிறுத்திக் கேட்டால், “மாப்ள, உன் பின்சக்கரம் ஒண்ணு தரையிலயே இல்ல” என்கிறான். உள்பக்கத்துச் சக்கரம், ஒரு சாண் தூக்கியிருக்கிறது. எனக்கு உள்ளே ஒன்றும் தெரியவில்லை. வண்டி என்னமாய்த் திரும்புகிறது என்று பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தேன். முன்சக்கர இழுவை வண்டியில் உள்சக்கரம் தூக்குவது பெரிய தப்பில்லை என்பார்கள். இருக்கட்டும். மழை தொடங்குமுன் கழற்றிவிட்டேன்.

கொழிஞ்சாம்பாறை அண்ணா, உங்களுக்கும் பார்தான். சந்தேகமே வேண்டாம்.

பலமனேர் ஸ்பேனர்

போடி தம்பி, சந்தேகம் வேண்டும். நீங்கள் இரண்டு பேரும் இரண்டு வேறு சாமானைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

என் கதை சின்னது. மொகிலி காட் மலைப்பாதை இறக்கத்தில் என் ஃபோர்டு ஐகானின் பின்பக்கம் நெளிந்தது. பார் வாங்கப் பணம்கூட எடுத்து வைத்துவிட்டேன். வண்டியைத் தூக்கிப் பார்த்தால் ஒரு பக்கத்து பீம் புஷ்ஷில் ரப்பர் கிழிந்து, கம்பி விட்டு நெம்பினால் சப்பாத்தி மாவு மாதிரி அசைகிறது. புஷ் மாற்றினேன், பார் பணம் மிச்சம். அவ்வளவுதான் கதை.

இனி கேளுங்கள். டவருக்கு டவர் போடும் பார் ஸ்பிரிங் கிடையாது. வண்டி சாய்வதை அது குறைக்காது. தகடு நெளியாமல் பிடிக்கும், அந்த நெளிவால் சக்கரத்தின் கேம்பரும் (நிற்கிற சாய்வு) டோவும் (உள்ளேயோ வெளியேயோ பார்க்கிற கோணம்) வளைவின் நடுவில் மாறாது. அவ்வளவே. ஆன்ட்டி ரோல் பார் அப்படி இல்லை, அது முறுக்கிக்கொள்ளும் ஸ்பிரிங். பின்பக்கம் அதைக் கெட்டியாக்கினால் வளைவில் வெளிச்சக்கரத்துக்குப் போகும் பாரம் கூடும், பின்டயர் இரண்டும் சேர்ந்து தரும் பிடிப்பு கொஞ்சம் குறையும், முன்பக்கம் அந்த அளவுக்கு நன்றாகக் கடிக்கும். முன்சக்கர வண்டி வளைவில் நேராக ஓடப் பார்க்கும் குணம் குறைவது இதனால்தான். இதே காரணத்தால்தான் ஈரத்தில் காலைச் சட்டென்று எடுத்தால் வால் ஆடும். 16 மி.மீ. கம்பியை எடுத்துவிட்டு 18 போடுகிறவர்கள் “ரெண்டு மில்லிதானே” என்பார்கள். முறுக்குக்கு எதிரான விறைப்பு விட்டத்தின் நான்காம் படியாக ஏறும். அந்த ரெண்டு மில்லிக்கு 60 சதவீதம் கூடிவிடும்.

டவர் பார்தான் வேண்டும் என்றால் பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், இரண்டு முனையைப் பாருங்கள். முனையில் போல்ட் போட்டு ஆடும் மூட்டு வைத்தது, ஸ்டெப்னிக்கு இடம்விட நடுவில் வளைத்தது, இரண்டும் வேண்டாம். பாரம் வந்தால் முதலில் அந்த வளைவுதான் நெளியும். பிறகு மாட்டுகிற விதம். நாலு சக்கரமும் சமதரையில் நிற்க வேண்டும், வண்டியின் எடை ஸ்ட்ரட்டில் இறங்கியிருக்க வேண்டும், அப்போதுதான் கடைசி முறுக்கு. ஜாக்கில் தொங்கவிட்டு முறுக்கினால், வண்டியை இறக்கியதும் பார் டவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்கும்.

இதற்கெல்லாம் முன்னால் டயர், காற்று, ஷாக், புஷ், அலைன்மென்ட். கொழிஞ்சாம்பாறை அண்ணா, ஒன்றுதான் கேட்கிறேன். பின்டயர் எப்படி இருக்கிறது?

கோபாலபுரம் ரோடு

கேட்காமலே பாடம் எடுத்த ஸ்பேனர் அண்ணனுக்கு நன்றி. (கிண்டல் இல்லை, பாதி புரிந்தது.)

என்னை உறுத்துவது வேறு. பொள்ளாச்சியில் இருந்து வரும்போது கேரளா செக்போஸ்ட்டில் டிக்கியைத் திறக்கச் சொன்னார்கள். சிவப்புப் பெயின்ட் அடித்த பாரைத் தொட்டு, “இதெந்தா சாதனம்?” என்றார் அதிகாரி. என் வாயில் வந்தது, “சாமான் உருளாம இருக்க சாரே.” அவர் என்னையும் பாரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு விரலால் அதைச் சுண்டி, சத்தத்தைக் கேட்டுவிட்டு, போ என்று கையைக் காட்டினார். ஏன் பொய் சொன்னேன் என்று இன்னும் தெரியவில்லை. வண்டியில் மாற்றம் செய்வதைப் பற்றிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைக் கேரளாவில் கொஞ்சம் கறாராகவே பார்ப்பார்கள் என்ற பயம்தான். போல்ட்டில் மாட்டிக் கழற்றுகிற பாராக இருந்தாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் சொல்லிவிடுவது நல்லது. டவரில் வெல்டிங் வைக்கச் சொன்னால் மட்டும் அந்தப் பட்டறையை விட்டு ஓடிவந்துவிடுங்கள்.

போடி ஏலக்காய்

ஸ்பேனர் அண்ணா, சாமான் வேறுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வால் ஆடியது ஆடியதுதானே? பார் போடுமுன் ஆடவில்லை என்கிறாரே. அதற்கு என்ன பதில்?

கொழிஞ்சாம்பாறைக்காரன்

பதில் என்னிடம்தான் இருக்கிறது, எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. பார் போட்ட அதே வாரம் டயரும் மாற்றினேன். இரண்டுதான் புதுசு, இரண்டையும் முன்னால் போட்டேன். “இழுக்கிற சக்கரத்துக்குத்தான் நல்ல டயர்” என்றார் கடைக்காரர், எனக்கும் சரி என்றுதான் பட்டது. பின்னால் இருப்பது பழசு. இன்று காலை அளந்தேன், ஒரு பக்கம் 2 மி.மீ., இன்னொரு பக்கம் அதுவும் இல்லை. பாரை ஜாக்கில் தூக்கி வைத்துத்தான் மாட்டினார்கள், அதுவும் உண்மை.

டயர் கடைக்குப் போய்ப் புதுசு இரண்டையும் பின்னால் மாற்றச் சொல்லியிருக்கிறேன். முன்னால் பழசு போட்டால் மழையில் நேராக ஓடுமே என்று கடைக்காரர் முறைக்கிறார். நேராக ஓடினால் காலை எடுத்துச் சமாளிப்பேன், வால் போனால் முடியாது என்றேன். முன்னாலும் அடுத்த மாதம் மாற்ற வேண்டும். பாரின் போல்ட்டைத் தளர்த்தி, வண்டியைத் தரையில் நிறுத்தி, மறுபடி முறுக்கியாயிற்று. தளர்த்தும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்தது.

பலாப்பழத்தை மறுநாளே உரித்துவிட்டோம். போல்ட் தலை இடித்த இடத்தில் ஆறு மூலையோடு ஒரு பள்ளம். அந்தப் பக்கத்துச் சுளையை மகள் தொடவில்லை.