எதிரொலிப்பதற்கு எஸ்பெராண்டோவில் எந்த வினை?

வணக்கம். ஸ்பானிஷ் பத்தி ஒன்றை எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியில் எழுதுகிறேன். போன வாரத்திலிருந்து ஒரே ஒரு வினைச்சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

பத்தி, கானரித் தீவுகளில் ஒன்றான லா கோமேராவின் சில்போ பற்றியது. ஸ்பானிஷையே விசிலாக அடித்துப் பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம் இருப்பவரோடு பேசும் முறை அது. 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, அவ்வளவு அருமையான விஷயம். சிக்கலான வாக்கியம் இதுதான்: "விசில் எதிர்ப்பாறையில் பட்டு எதிரொலிக்கிறது."

ஸ்பானிஷில் 'ரெசொனார்', நிகழ்காலத்தில் 'ரெசுவேனா' ஆகிவிடும். 'ரெதும்பார்' என்றும் போட்டுப் பார்த்தேன். அது இடி, பீரங்கி மாதிரி அதிரும் சத்தத்துக்கானது, விசிலுக்கு ஒட்டவில்லை.

எஸ்பெராண்டோவில்தான் தகராறு. 'ரெசோனி' அகராதியில் இருக்கிறது. ஆனால் அந்த 'ரெ' முன்னொட்டுக்குத் 'திரும்பி', 'மறுபடியும்' என இரண்டு பொருளும் உண்டு. அதனால் யாரோ இன்னொரு முறை விசில் அடித்ததாகவும் படிக்கலாம். 'எஹோ' (எதிரொலி) என்ற பெயர்ச்சொல்லிலிருந்து வரும் 'எஹி' துல்லியமாகப் படுகிறது. ஆனால் நான் படித்த கதைகளில் அதை வினையாக ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. இன்னொரு செயற்கை மொழியான இன்டர்லிங்குவாவையும் புரட்டினேன். அங்கேயும் ஸ்பானிஷ் போலவே 'ரெசொனார்'தான், அதனால் துப்பு எதுவும் கிடைக்கவில்லை.

எஸ்பெராண்டோவில் தினமும் எழுதுபவர்கள் சொல்லுங்கள்: ஒலி பாறையில் பட்டுத் திரும்பி வருவதை 'ரெசோனி' என்பீர்களா, 'எஹி' என்பீர்களா?