புதுப்பிப்பு: படுக்கையில் இருக்கும் அப்பாவுக்கு வீட்டிலேயே நோய் ஆதரவுச் சிகிச்சை

முற்றிய புற்றுநோயுடன் இருக்கும் அப்பாவின் வலியையும் அவதியையும் குறைக்கும் நோய் ஆதரவுச் சிகிச்சைக்கு எந்தச் சேவையை எங்கே கேட்பது என்ற என் கேள்விக்குப் பதிலளித்த அனைவருக்கும் நன்றி. தமிழ்நாட்டில் 2021 முதல் நடக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பதியச் சொன்ன யோசனையே பலன் தந்தது. ஊர்த் தன்னார்வலர் மூலம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்தபின், இரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நோய் ஆதரவுச் செவிலியர் வந்து படுக்கைப் புண்ணைச் சுத்தம் செய்ததோடு, கட்டு மாற்றும் முறையை அம்மாவுக்கும் பொறுமையாகக் கற்றுத்தந்தார். வலிக்கு மட்டும் வேறு வழி: கடும் வலிக்கான மருந்தான மார்ஃபின், அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்களில்தான் கிடைக்கும் என்பதால், செவிலியரின் குறிப்புடன் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மருத்துவரைப் பார்த்து வாங்கினோம். எதிர்பாராதது, மார்ஃபினால் வந்த கடும் மலச்சிக்கல். மார்ஃபின் தொடங்கும் நாளிலேயே மலமிளக்கியைப் பற்றியும் மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள்.