கோடையில் மின்னழுத்தம் விழுகிறது: சிறு நீர்மின் அனுபவமுள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். இலங்கையில் ஊவா மலைப்பக்கம், கிராமச் சங்கம் நடத்தும் ஓடை நீர்மின் திட்டம். வீழ்ச்சி 32 மீட்டர், 110 மி.மீ. பிவிசி குழாய் 140 மீட்டர், பெல்டன் சக்கரம் (நீர்த்தாரை கிண்ணங்களில் மோதிச் சுழற்றுவது). மூன்று ஃபேஸ் இன்டக்‌ஷன் மோட்டார்தான் ஜெனரேட்டர், கெபாசிட்டர் சி-2சி இணைப்பில் (மூன்று ஃபேஸ் மோட்டாரிலிருந்து ஒற்றை ஃபேஸ் மின்சாரம் எடுக்கும் முறை).

நொடிக்கு 12 லிட்டர் வந்தால் 1.9 கிலோவாட் கிடைக்கும். இப்போது 7 லிட்டர்தான். 26 மி.மீ. நாசிலை (சக்கரத்தில் நீரைப் பீய்ச்சும் முனை) மாற்றாவிட்டால் குழாயின் மேல்முனைத் தொட்டி வற்றி, குழாயில் காற்றுப் புகுந்து, வேகம் விழுகிறது. அந்த நேரம் யாராவது தண்ணீர் கொதிக்கக் கேத்தல் போட்டால் ஜெனரேட்டரின் காந்தப்புலம் சரிந்து ஊரே இருட்டு. (நிறுத்திவிட்டு 12 வோல்ட் பேட்டரியால் காந்தம் ஏற்றத் தெரியும், அதைச் சொல்ல வேண்டாம்.)

கணக்குப்படி 19 மி.மீ. நாசில் போதும், ஒரு கிலோவாட் வரும். மணல் அதிகமுள்ள தண்ணீருக்குப் பித்தளை தாங்குமா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் வேண்டுமா? வீட்டுக்கு 0.5 ஆம்பியர் என்று கட்டுப்படுத்த எம்சிபியா (மிகைச்சுமையில் தானே விழும் சுவிட்ச்), தானே மீளும் பிடிசியா (சூடானால் மின்தடை கூடி மின்னோட்டத்தைக் குறைக்கும் பாகம்)? சிறு மிகைச்சுமைக்கு எம்சிபி விழ நெடுநேரம் எடுக்கும், அதுதான் யோசனை. பிடிசி போட்டவர்கள் மாடல் எண்ணோடு சொல்லுங்கள்.