வீல் ஆஃப் டைம் 10ஆம் பாகம்: தாண்டிப் போகலாமா?

வணக்கம், கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். ராபர்ட் ஜோர்டனின் 'வீல் ஆஃப் டைம்' என்ற மாயாஜால நாவல் வரிசையில், 2003இல் வந்த 10ஆம் பாகத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். ஆறாம் பாகம் வரை சோறு தண்ணி மறந்து படித்தேன். இதில் கதை நகரவே மாட்டேன் என்கிறது. ஒன்பதாம் பாகத்தின் முடிவில் நடந்ததையே இங்கே ஒவ்வொருவராகத் தூரத்திலிருந்து உணர்கிறார்கள். எலெய்ன் குளிப்பது, யார் என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்பதெல்லாம் பக்கம் பக்கமாக வருகிறது. பெர்ரின் மனைவியைத் தேடிக்கொண்டே இருக்கிறான்.

பொள்ளாச்சி பஸ்ஸில் ஆடியோவாகக் கேட்டுப் பார்த்தேன், மனசில் ஒட்டவில்லை. மாட் என்ற பாத்திரம் வரும் அத்தியாயங்களை மட்டும் பொறுக்கிப் படித்தேன். அப்புறம் மற்றவர்கள் யார் யாரென்றே பிடிபடவில்லை. விடவும் மனசில்லை. ஜோர்டன் 2007இல் மறைந்தபின் பிராண்டன் சாண்டர்சன் முடித்துக்கொடுத்த கடைசி மூன்று பாகங்களை எப்படியாவது படித்தே ஆக வேண்டும்.

படித்தவர்கள் கதையை உடைக்காமல் சொல்லுங்கள்: 10ஆம் பாகத்தின் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு நேராக 11க்குப் போனால், முக்கியமான எதையாவது இழந்துவிடுவேனா?