கீரைக்காரம்மா, மீன்கார அண்ணன், நர்சம்மா: நமக்குச் சமையல் சொல்லிக்கொடுத்தவர்கள்

மதுரைக்காரி

காய்கறி விலை ஏறினாலே நம் குழுவில் புலம்பல் தொடங்கிவிடுகிறது. சரி, இந்த முறை வேறொன்று கேட்கிறேன். குறைந்த செலவில் வீட்டுக்கே சத்தாகச் சமைக்க ஒரு வழி சொன்ன யாரையாவது நீங்கள் சந்தித்திருப்பீர்கள். அவரைப் பற்றி எழுதுங்கள். யூடியூபில் பார்த்தது வேண்டாம், நேரில் பார்த்தவர்தான் வேண்டும்.

நான் பார்த்தது உழவர் சந்தையில். 1999இல் முதல் உழவர் சந்தை திறந்ததே எங்கள் அண்ணாநகரில்தான், அந்தப் பெருமை எங்களுக்கு எப்போதும் உண்டு! முள்ளங்கி வாங்கினால் தழையைக் கிள்ளிப் போட்டுவிட்டுத்தான் எடை போடுவார்கள். அன்று பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி, "அதை ஏன் தாயி வீசுற, இங்க குடு" என்று அள்ளிப் பையில் போட்டுக்கொண்டார். எதற்கு என்று கேட்டேன். "பாசிப்பருப்பை அரைவேக்காடா எடுத்து, வெங்காயம் நெறையப் போட்டு வதக்கு. கீரைதான அதும்?" என்றார். லேசான கசப்பு இருக்கும், கொஞ்சம் தேங்காய் தூவினால் தெரியாது. இப்போது பீட்ரூட் தழை, காலிஃபிளவரின் இளந்தழை எதையும் விடுவதில்லை. காசு கொடுத்து வாங்கும் கீரைக்கட்டு பாதியாகக் குறைந்துவிட்டது.

ஈரோட்டுத் தறி

எங்கள் பக்கம் கொள்ளு வைக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஒரே கொள்ளை மூன்று வேளைக்கு இழுப்பது எப்படி என்று தறிப்பட்டறையில் வேலை பார்க்கும் ஓர் அக்காவிடம்தான் கற்றேன். ராத்திரி ஊறவைத்து, காலையில் தண்ணீர் தாராளமாக விட்டுக் குக்கரில் வேகவைக்கிறார். வடித்த தண்ணீர் ரசத்துக்கு. வெந்த கொள்ளில் பாதியைச் சின்ன வெங்காயம், சீரகம், பூண்டு, வரமிளகாய் வதக்கிப் போட்டுக் கடைந்தால் சோற்றுக்கு ஆச்சு. மீதியைத் தாளித்துச் சாயங்காலம் பிள்ளைகளுக்குச் சுண்டல். கேஸ் ஒரு தடவைதான் எரிகிறது, அதைக் கவனியுங்கள். பருப்பின் விலையை மட்டும் பார்ப்பவர்கள் சிலிண்டர் கணக்கை மறந்துவிடுகிறார்கள்.

தூத்துக்குடிக்காரன்

எங்களுக்குச் சாளை. வேறு ஊரில் மத்தி என்பீர்கள். வஞ்சிரம் வாங்கினால்தான் மீன் என்று நினைக்கும் ஆட்களுக்கு எங்கள் தெரு மீன்கார அண்ணன் ஒரு பாடமே நடத்துவார்: "முள்ளு இருக்கேன்னு பயந்தா சத்து எப்படி வரும்?" அவர் சொல்வது சரிதான். வஞ்சிரத்துக்குப் பேர்போன ஒமேகா-3 கொழுப்பு சாளையில் தாராளமாகவே இருக்கிறது. குடம்புளியோ சாதாரணப் புளியோ போட்டு மண்சட்டியில் சிறு தீயில் நெடுநேரம் வேகவிட்டால் நடுமுள்ளையே மென்று தின்னலாம், சுண்ணாம்புச் சத்து அதில்தான். இன்னொன்றும் சொன்னார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுதான் போகாது, நாட்டுப்படகு போகும். அதனால் பெரிய மீன் விலை எகிறும்போதும் சாளை, நெத்திலி மாதிரி பொடி மீன் கைக்கு எட்டும்.

வறுக்காமல் குழம்பு வையுங்கள். எண்ணெயும் மிச்சம்.

மாம்பலம் வாசி

எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள், ஒன்று கேட்கிறேன். கீரை ஆய்கிற நேரம் யார் கணக்கு? வாழைப்பூ மலிவு, ஒத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு பூவிலும் வேகாத நரம்பான கள்ளனை எடுத்து, கறை பிடிக்காமல் மோரில் போட்டு, நறுக்கி முடிக்க எனக்கு ஒரு சாயங்காலமே போய்விடுகிறது. ஆபீஸ் முடிந்து எட்டு மணிக்கு வீட்டுக்கு வருகிறவளுக்கு அது மலிவு இல்லை.

எங்கள் வீட்டில் இதற்கு வழி சொன்னது எதிர் பிளாட் மாமா. ரிடையர் ஆனவர். டிவி முன்னால் செய்தித்தாளை விரித்து, சீரியல் முடிவதற்குள் இரண்டு கட்டு அரைக்கீரையை ஆய்ந்து முடித்துவிடுவார். அதைப் பார்த்த பிறகு எங்கள் வீட்டு ஆண்களுக்கும் அதே வேலை. மலிவுச் சமையல் குறிப்பு எழுதுகிற எல்லாரும் முதல் வரியில் இதை எழுத வேண்டும் என்பது என் கட்சி.

மன்னார்குடி

மாம்பலம் அக்காவுக்கு என் ஓட்டு. நானும் கீரை ஆய்கிற ஆள்தான்.

மனைவிக்கு ரத்தச்சோகை என்றதும் முருங்கைக்கீரையாக வாங்கிப் போட்டேன். வீட்டுக்கு வந்த நர்சம்மா, "சாப்பிட்டதும் என்ன குடிக்கிறீங்க?" என்று கேட்டார். டீ. "அதான். டீ கீரையில இருக்கிற இரும்பைச் சேரவிடாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிங்க. கீரையோட எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேருங்க. மாத்திரையை நிறுத்தாதீங்க" என்றார். ஒரு பைசா செலவில்லாத மாற்றம். இப்போது நெல்லிக்காய்த் துவையல் எங்கள் வீட்டில் ஊறுகாயின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

ரேஷன் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது, அரிசிக்குக் காசே இல்லை. இரண்டு டம்ளர் ரேஷன் புழுங்கலரிசிக்கு ஒரு டம்ளருக்குக் குறையாமல் பருப்பு போட்டு, கரகரப்பாக அரைத்து, முருங்கைக்கீரை உருவிப் போட்டு அடை சுடுங்கள். தொட்டுக்கொள்ள வெல்லம் போதும். 25 ரூபாய் ரேஷன் பாமாயிலை மட்டும் அளந்து ஊற்றுங்கள், அதில் கிட்டத்தட்ட பாதி நிறைகொழுப்பு (saturated fat).

தர்மபுரி ராகி

2023இல் எங்கள் மாவட்டத்திலும் நீலகிரியிலும் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு பெரியவர், "பொட்டலத்துல சத்துமாவுன்னு போட்டு விக்கறதும் இதைத்தான், சர்க்கரை மட்டும் சேர்த்தி" என்று சொல்லிவிட்டுப் போனார். 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது, பாலில் 120 வாக்கில்தான். அவர் சொன்னதிலிருந்து ரேஷன் கேழ்வரகைக் கழுவிக் காயவைத்து மில்லில் அரைத்துக்கொள்கிறேன். ராத்திரிக்குக் களி, நிலக்கடலைச் சட்னி அல்லது கீரைக் கடைசல். பிள்ளைகள் களிக்கு முகம் சுளித்தால் அதே மாவில் வெங்காயம் போட்டு அடை.

மதுரைக்காரி

ராகி அண்ணா, களி எனக்குக் கட்டி தட்டுகிறதே, என்ன செய்ய?

தர்மபுரி ராகி

கொதிக்கிற தண்ணீரில் முதலில் ஒரு கைப்பிடி மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். அது கொதித்ததும் மீதி மாவை நடுவில் குவியலாகக் கொட்டி, துடுப்பால் ஒரு குழி மட்டும் போட்டு மூடுங்கள். உடனே கிளறக் கூடாது. சிறு தீயில் மாவு வேகட்டும், அப்புறம் இறக்கிவைத்து அழுத்திக் கிளறுங்கள். கை நனைத்து உருட்டுங்கள் தங்கச்சி.