மறு: ‘ஸ்லோ பர்ன்’ காதலுக்குத் தமிழ்ச்சொல் - பழகுகாதல்?

எல்லோருக்கும் வணக்கம். ‘ஸ்லோ பர்ன்’, அதாவது மெல்ல மெல்ல வளரும் காதலைச் சொல்லும் கதைவகைக்குத் தமிழ்ச்சொல் கேட்ட இழையில், வந்த பரிந்துரைகளுக்கு என் பதில் இது.

> ‘மெதுவெரி காதல்’ என்றே வைத்துக்கொள்ளலாமே, பொருள் நேராக வந்துவிடுகிறது.

எங்கே ஐயா வருகிறது? எரி என்றதும் விறகும் வயிற்றெரிச்சலும்தான் எனக்கு நினைவுக்கு வருகின்றன. அதைக்கூட விட்டுவிடலாம், ‘மெது’தான் பெரிய சிக்கல். நாம் சொல் தேடுவது ஜப்பானிய பிஎல் (‘பாய்ஸ் லவ்’, ஆண்களுக்கிடையிலான காதல்) மங்காக்களில், அதாவது சித்திரக்கதைகளில், மெல்ல மெல்ல வளரும் காதலுக்கு. அங்கே எல்லாமே தாமதமாக நடப்பதில்லை. நாகாமுரா அசுமிகோவின் ‘டோக்யூசெய்’ 2006-இல் தொடங்கியது, 2016-இல் திரைப்படமாகவும் வந்தது. சேர்ந்திசைப் பயிற்சியில் வாயைத் திறக்காமல் நிற்கும் சாஜோ, யாரும் இல்லாதபோது தனியாகப் பாடிப் பார்ப்பதை வகுப்புத்தோழன் குசகாபே பார்த்துவிடுகிறான், நான் சொல்லித்தருகிறேன் என்கிறான். கதை தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே முத்தமும் வந்துவிடுகிறது! ஆனாலும் வாசகர்கள் அதை இந்த வகையில்தான் சேர்க்கிறார்கள், ஏனென்றால் முத்தத்துக்கு அப்புறம்தான் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் அறியத் தொடங்குகிறார்கள். ‘கிவன்’ கதையிலும் மஃபுயு மேடையில் பாடி முடித்ததுமே அவனுடைய இசைக்குழுத் தோழன் உஎனோயாமா முத்தமிட்டுவிடுகிறான், கதை அதோடு முடிந்துவிடவில்லை. ஆக, இந்த வகைக்கு அடையாளம் வேகக்குறைவு இல்லை, பழக்கம். அதனால் என் முன்மொழிவு ‘பழகுகாதல்’. வினைத்தொகை என்பதால் ஒற்று மிகாது, ‘பழகுக்காதல்’ என்று யாரும் திருத்த வேண்டாம். பழகிய, பழகுகின்ற, பழகும் என மூன்று காலமும் உள்ளே அடங்கிவிடுகின்றன, இந்தக் கதைகளுக்கு அது தோதுதான்.

> பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்களே :)

சரி, புளிக்கட்டும். ஃபுமினோ யூகியின் ‘ஹிதமாரி கா கிகோஎரு’ படித்தீர்களா? எனக்கு மிகப் பிடித்தது அதுதான். கோஹெய்க்குக் காது சரியாகக் கேட்காது, கல்லூரியில் யாரோடும் ஒட்டாமல் இருக்கிறான். எப்போதும் பசியோடு திரியும் தைச்சி, அவனுக்கு வகுப்பில் குறிப்பெடுத்துக் கொடுக்கிறான், பதிலுக்கு மதியச் சாப்பாடு. காதல் என்ற பேச்சே இல்லாமல் பக்கங்கள் போய்க்கொண்டே இருக்கும், தைச்சியின் பெரிய குரல் மட்டும் கோஹெய்க்கு வேண்டியதாக ஆகிவிட்டது என்று நமக்கு அவர்களுக்கு முன்பே தெரிந்துவிடும். இதை எப்படி ‘எரி’ என்பது?

‘கைக்கிளை’ (ஒருதலைக் காதல்) என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘செரி மேஜிக்’ கதைக்குப் பாதி பொருந்தும். முப்பது வயதானதும் தொட்டவர்களின் மனத்தைப் படிக்கும் சக்தி அடாச்சிக்கு வந்துவிடுகிறது, கூட வேலை செய்யும் குரோசாவாவின் மனத்தில் தன்மேல் காதல் ஏற்கெனவே நிறைந்திருப்பது தெரிகிறது. குரோசாவா பக்கம் கைக்கிளைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வளர்வது அடாச்சியின் மனம், அதற்குக் கைக்கிளையில் இடமில்லை.

‘அரும்புகாதல்’ காதுக்கு இனிமை. ‘சசாகியும் மியானோவும்’ போன்ற பள்ளிக்கதைக்குச் சரி. மியானோ பிஎல் புத்தகங்களை இரவல் கொடுக்கிறான், சசாகி அதைச் சாக்காக வைத்தே அவனைத் தேடி வருகிறான், காதலைச் சொன்ன பிறகும் பதிலுக்கு அவசரப்படுத்தாமல் காத்திருக்கிறான். முப்பது வயது அலுவலக ஆள் அடாச்சிக்கு அரும்பு என்றால் மீசைதான் நினைவுக்கு வரும்.

‘டென் கவுண்ட்’ பற்றிக் கேட்டவருக்கு: அழுக்கென்றால் அஞ்சும் சிரோதானியிடம் அவனுக்கு அருவருப்பானவற்றைப் பத்துப் படிகளாக எழுதச்சொல்லி, ஒவ்வொன்றாகக் கடக்கவைக்கும் கதை அது. படிப்படியாகத்தான் போகிறது, மறுக்கவில்லை. ஆனால் உளநல ஆலோசகரான குரோசே போகும் வேகத்தில் சிரோதானிக்கு எவ்வளவு விருப்பம் என்ற சங்கடம் எனக்குக் கடைசிவரை போகவில்லை. அதைப் பழகுகாதலில் நான் சேர்க்கமாட்டேன். வேண்டுமானால் பயிற்சிக்காதல் என்று தனிப்பெட்டி போடுங்கள்.

பிஎல் என்பதை அப்படியே விடலாம், தமிழ் வாசகர்கள் அப்படித்தான் எழுதுகிறார்கள். ‘கனிகாதல்’ கேட்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை, ஆனால் கனிந்தது முடிவைச் சொல்கிறது, இந்தக் கதைகளில் பல பக்கங்கள் கனிவதற்கு முன்னேயே ஓடுகின்றன. ‘பழகுகாதல்’ பிடிக்காதவர்கள் அது எந்தக் கதைக்குப் பொருந்தவில்லை என்று பெயரோடு எழுதுங்கள், வெறும் ‘நன்றாக இல்லை’ வேண்டாம்.