அரங்கேற்ற வீடியோ: யூடியூப், வட்ஸ்அப், பென் டிரைவ் மூண்டுக்கும் ஒரே எக்ஸ்போர்ட் செட்டிங் போதுமா?

வெள்ளவத்தை_கமெரா:
பரதநாட்டிய அரங்கேற்றம், 1 மணி 50 நிமிஷம். 1080பி, விநாடிக்கு 50 பிரேமில எடுத்தது. விண்டோஸில டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பில எடிட் முடிஞ்சுது. எச்.264 கோடெக் (வீடியோவைச் சுருக்கிற முறை), பிட்ரேட் (ஒரு விநாடிக்கு எழுதிற தரவளவு) 40,000 கேபிபிஎஸ் குடுத்தா 33 ஜிபி வருகுது. 8,000க்குக் குறைச்சு யூடியூப்பில ஏத்தினா, பின்னால இருக்கிற எல்ஈடி திரையும் வேகமான ஜதியில கையும் கட்டம் கட்டமா உடையுது. எச்.265ல பென் டிரைவில போட்டுக் குடுத்தா பழைய ரீவியில சத்தம் மட்டும்தான், படம் இல்லை. போனில அனுப்பின துண்டில முகமே தெரியேல்லை. கனடா, லண்டன் சொந்தக்காரரும் பார்க்கோணும், இங்க அம்மம்மா ரீவியிலயும் பார்க்கோணும். எல்லாத்துக்கும் சரிவாற ஒரு செட்டிங் இருந்தாச் சொல்லுங்கோ.

பம்பலப்பிட்டி_டைம்லைன்:
ஒரே செட்டிங் சரிவராது. அந்த 33 ஜிபியை அழிக்காதேங்கோ, அதுதான் மாஸ்டர். மற்ற எல்லாத்தையும் அதிலயிருந்து எடுக்கலாம். 8,000இல போட்டதிலயிருந்து திரும்ப எடுத்தா உடைஞ்சது இன்னும் உடையும்.

யூடியூப் நீங்கள் குடுக்கிற எதையும் திரும்ப என்கோட் பண்ணி, அதாவது தானே சுருக்கி எழுதித்தான் காட்டும். 1080பி 50 பிரேமுக்கு அவங்கட பரிந்துரையே 12 எம்பிபிஎஸ் (12,000 கேபிபிஎஸ்). 8 எண்டது 25, 30 பிரேமுக்கு. பட்டுச்சேலை, எல்ஈடி திரை, புகை எல்லாம் ஒண்டா அசையிற மேடைக்கு 12உம் காணாது, 20 குடுங்கோ.

அதைவிடப் பலன் தாறது இது: ரிசால்வின்ர டெலிவர் (எக்ஸ்போர்ட்) பக்கத்தில ரெசல்யூஷனை 2560×1440 ஆக்கி, 24,000 கேபிபிஎஸ் குடுங்கோ. புது விபரம் ஒண்டும் படத்தில கூடாது. ஆனா சின்னச் சனல்களின்ர 1080பிக்குப் பெரும்பாலும் ஏவிசி1 (எச்.264) கோடெக்தான் கிடைக்கும், 1440பியிலும் அதுக்கு மேலயும் விபி9 எண்ட இன்னும் நல்லாச் சுருக்கிற கோடெக் கிடைக்கும், பிட்ரேட்டும் கூட. ஏத்தினபிறகு கணினியில வீடியோவுக்கு மேல வலது கிளிக் பண்ணி ‘ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ பாருங்கோ. கோடெக் வரியில விபி09 எண்டு நிண்டா வேலை முடிஞ்சுது.

ஃபைல் 20 ஜிபி அளவில வரும். அப்லோட் வேகம் 10 எம்பிபிஎஸ் எண்டா நாலரை மணித்தியாலம். இரவில போட்டுவிட்டுப் படுக்கலாம். கணக்கைத் தொலைபேசி இலக்கத்தால உறுதிப்படுத்தாட்டி 15 நிமிஷத்துக்கு மேல ஏத்த விடாது, அதை முதல்ல பாருங்கோ. ஏறின உடனே 360பி மட்டும்தான் இருக்கும். உயர் தரம் தயாராகிறதுக்கு முன்னம் லிங்கை அனுப்பினா கனடாவிலயிருந்து ‘ஏன் மங்கலா இருக்கு’ எண்டு வரிசையா மெசேஜ் வரும்.

இன்னொண்டு: ரிசால்வில புது புரொஜெக்ட் 24 பிரேமிலதான் திறக்கும், கிளிப் டைம்லைனில (கிளிப்புகளை அடுக்கிற எடிட் வரிசையில) விழுந்தபிறகு அதை மாத்த ஏலாது. உங்கட டைம்லைன் 50ஓ எண்டு பார்த்துக்கொள்ளுங்கோ. 24 எண்டா ஆட்டம் முழுக்க வெட்டி வெட்டித்தான் தெரியும், எந்த பிட்ரேட்டும் அதைக் காப்பாத்தாது.

கொட்டாஞ்சேனை_07:
அம்மம்மாவின் ரீவி விஷயத்துக்கு வருகிறேன், அங்கேதான் சிக்கல் கூட. சத்தம் மட்டும் வருவதென்றால் அந்த ரீவிக்கு எச்.265 டீகோடர் (சுருக்கியதை விரித்துக் காட்டும் பகுதி) இல்லை. எச்.264க்கே திரும்ப வேண்டும். அதிலும் 1080பி 50 பிரேமுக்கு லெவல் 4.2 (டீகோடருக்கு வேண்டிய திறன் அளவு) தேவை, பழைய ரீவிகள் பல 4.1உடன் நின்றுவிடும். படம் வரும், ஆனால் திக்கித் திக்கி ஓடும். 720பி 50 பிரேம் லெவல் 3.2க்குள் அடங்கும். நாட்டியத்துக்கு 1080பி 25 பிரேமைவிட இதுவே மேல், அடவு வழுக்கலாகத் தெரியும்.

அடுத்தது பென் டிரைவ். பழைய ரீவிகள் ஃபாட்32 என்ற டிரைவ் ஃபோர்மட்டைத்தான் நம்பகமாக வாசிக்கும், அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. கணக்கு லேசானது: எம்பிபிஎஸ் × விநாடி ÷ 8 = எம்பி. உங்கள் 6,600 விநாடிக்குப் படம் 4 எம்பிபிஎஸ், சத்தம் 160 கேபிபிஎஸ் வைத்தால் சுமார் 3,430 எம்பி. அடங்கும்.

ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் மாஸ்டரைத் திறந்து எம்பி4, எச்.264, 1280×720, 50 பிரேம், கான்ஸ்டன்ட் (மாறாத) பிரேம்ரேட். பிட்ரேட்டுக்கு ஆவரேஜைத் தெரிவுசெய்து 4000 போட்டு, மல்டி-பாஸையும் (வீடியோவை ஒரு தடவைக்கு மேல் அலசும் முறை) போடுங்கள். ஆர்எஃப் (தரத்தை எண்ணால் கொடுக்கும்) முறையில் தரம்தான் நிலையாக இருக்கும், அளவு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது; இங்கே அளவுதான் முக்கியம். சத்தம் ஏஏசி. குயிக்டைம் ஃபைலில் லீனியர் பிசிஎம் (சுருக்காத) சத்தத்தோடு கொடுத்தால் இதே ரீவியில் இம்முறை படம் மட்டும் வந்து சத்தம் வராமல் போகலாம்.

கல்கிசை_ரெண்டர்:
எச்.265ஐ இப்படித் தள்ளிவிடத் தேவையில்லை. சேமித்து வைக்க நல்லது, அதே தரத்துக்குக் கிட்டத்தட்ட அரைவாசி இடம் போதும். ஆனால் என்கோட் ஆக நேரம் எடுக்கும், ஆப்பிள் கருவிகளுக்குக் கொடுக்கும்போது ஃபைலில் எச்.265 வகையைக் குறிக்கும் எச்விசி1 டேக் இருக்க வேண்டும். எச்ஈவி1 என்றிருந்தால் குயிக்டைம் திறக்காது. யார் எதில் பார்ப்பார் என்று தெரியாத இடத்தில் எச்.264 தான்.

வட்ஸ்அப்பில் முழு நிகழ்ச்சியையும் அனுப்ப நினைக்காதீர்கள், லிங்க் போதும். மூன்று நிமிடத் துண்டென்றால் 720பி, 25 பிரேம், 2,000 கேபிபிஎஸ், ஏஏசி 128. 48 எம்பி அளவில் வரும். கேலரியிலிருந்து வீடியோவாக அனுப்பினால் திரும்பவும் சுருக்கும். இணைப்புக் குறியில் ‘டொக்கியூமென்ட்’ வழியாக அனுப்பினால் அப்படியே போகும், 2 ஜிபி வரை. 30 பிரேமாக மாற்றவே வேண்டாம்: 50ஐ 25 ஆக்கும்போது ஒன்றுவிட்டு ஒரு பிரேம் சீராகப் போகும், 30 ஆக்கினால் இடைவெளி ஒழுங்கு கெட்டு உடல் துள்ளும்.

வெள்ளவத்தை_கமெரா:
டைம்லைன் 50தான், பார்த்திட்டன். நடுவில சில கிளிப் போனில எடுத்தது. அதுகளில நட்டுவாங்கத் தட்டும் கால் தட்டும் போகப்போக விலகுது. எக்ஸ்போர்ட்டால வாற பிழையா?

பம்பலப்பிட்டி_டைம்லைன்:
இல்லை, போன் வேரியபிள் (இடைக்கிடை மாறுற) பிரேம்ரேட்டில எடுக்கிறதால வாறது. அந்தக் கிளிப்புகளை மட்டும் முதல்ல ஹேண்ட்பிரேக்கில கான்ஸ்டன்ட் பிரேம்ரேட், ஆர்எஃப் 16 குடுத்து மாத்தி, பழசுக்குப் பதிலா டைம்லைனில வையுங்கோ. பிரேம்ரேட் இலக்கத்தைப் போன் எடுத்ததிலயே விடுங்கோ, 30 எண்டா 30. பிறகு மாஸ்டரைத் திரும்ப எடுக்கவேணும், 33 ஜிபியும்தான்.